மின்ஸ்மியர் மதகுப் பலகையும் நம் ஊர் உப்புப் பாத்தியும்

இப்ஸ்விச்,
ஆகஸ்ட் 24

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்ற வரியைப் படித்த பிறகுதான் மிச்சத்தைப் படித்தேன். மிச்சம் பூராவும் கேள்வி. எந்த பைனாகுலர் வாங்குவது, இங்கே ஆட்கள் எப்படி உட்கார்ந்து பார்க்கிறார்கள், ஒரே இடத்துக்கு அவ்வளவு பறவை எப்படி வருகிறது. கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வேதாரண்யத்து உப்பளத்தில் வளர்ந்தவனுக்கு அது சட்டென்று பிடிபடும்.

நான் பறவை பார்க்கப் போகும் மின்ஸ்மியர் காப்பகம் இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் கடற்கரையில் இருக்கிறது. வடக்கே டன்விச், தெற்கே சைஸ்வெல் அணுமின் நிலையம். அதன் வெள்ளைக் கும்மட்டம் எங்கே நின்றாலும் தெரியும், கோடியக்கரையில் கலங்கரை விளக்கத்தை வைத்துத் திசை சொல்வது போல இங்கே அதை வைத்துச் சொல்லலாம். கடல், கூழாங்கல் கரை, அதற்கு உள்ளே முழங்கால் ஆழம்கூட இல்லாத உப்பங்கழி. கழி என்கிறேனே தவிர, தானாக உண்டானது இல்லை. 1940-இல் ஜெர்மன் படை வந்து இறங்கிவிடுமோ என்ற பயத்தில் இந்த மேய்ச்சல் நிலத்தை வேண்டுமென்றே தண்ணீரில் மூழ்கடித்தார்கள். போர் முடிந்து பார்த்தால், பிரிட்டனில் ஏறக்குறைய நூறு வருஷமாக நிலையாகக் குஞ்சு பொரிக்காத கோணமூக்கு உள்ளான் என்ற கரைப்பறவை 1947-இல் இந்தக் கடற்கரையில் கூடு வைத்திருந்தது. அந்த வருஷமே ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் இடத்தைக் காப்பகமாக எடுத்துக்கொண்டது. இன்று அவர்களுடைய சின்னமும் அந்தப் பறவைதான்.

மூழ்கின நிலம் சும்மா விட்டால் நாணல் மண்டிவிடும். 1962-இல் இங்கே காவலராக இருந்த ஹெர்பர்ட் ஆக்செல் இயந்திரம் விட்டு மேல்மண்ணைச் சுரண்டி, நடுவில் சின்னச் சின்னத் திட்டுகளை விட்டு, ஆழமில்லாத நீர்ப்பரப்பு உண்டாக்கும் வேலையைத் தொடங்கினார். அதனால் அதற்குப் பெயரே 'ஸ்க்ரேப்'. சுரண்டல் என்று மொழிபெயர்த்தால் நம் ஊரில் அரசியல் கூட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இனி உனக்குத் தெரிந்த விஷயம். நாம் பாத்திக்குப் பாத்தி மடை திறந்து உப்பை ஏற்றுகிறோம். இங்கே மதகை வைத்து கடல்நீரையும் நன்னீரையும் கலந்து உப்பை நடுவாந்தரத்தில் நிறுத்துகிறார்கள். நன்னீர் அதிகமானால் நாணலும் புல்லும் சேற்றை மூடிவிடும், உள்ளான் இறங்க இடம் இருக்காது. உப்பு எல்லை மீறினால் சேற்றில் இருக்கும் புழுவும் கூனிப்பூச்சியும் செத்துப்போகும், இரை இருக்காது. கோடையில் மழை இல்லாமல் காற்று மட்டும் அடித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு தானே ஏறும். அதை ஈடுகட்டத்தான் மதகுப் பலகையில் ஒன்றை எடுப்பதும் போடுவதும்.

ஆழம்தான் இன்னும் நுணுக்கம். கொசு உள்ளானுக்கு இரண்டு மூன்று செ.மீ. தண்ணீர் போதும். பவளக்காலிக்கு ஐந்தாறு. கருவால் மூக்கனும் கோணமூக்கு உள்ளானும் பத்து செ.மீ. தாண்டியும் நிற்கும். அதற்கு மேல் போனால் வாத்துக்குத்தான் லாபம். ஆகவே குளிர்காலத்தில் மட்டத்தை உயர்த்திக் கிளுவை, ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்துக்கு விடுகிறார்கள். வசந்தத்தில் மெல்ல இறக்கி, ஓரச் சேற்றை நாளுக்குக் கொஞ்சமாகத் திறக்கிறார்கள். ஒரேயடியாக வடித்துவிட்டால் சேறு இரண்டு நாளில் ஓடு கட்டிவிடும், அலகு இறங்காது. ஈர விளிம்பு தினம் ஒரு சாண் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். புது இடத்துக்குப் போனால் நான் முதலில் தேடுவது அந்த விளிம்பைத்தான். நீயும் பாத்தி ஓரத்தில் அதைப் பார், பறவையை அப்புறம் பார்க்கலாம்.

கோணமூக்கு உள்ளான் மேய்வதை ஒரு தரம் பார்த்தால் இந்த ஆழக் கணக்கு புரிந்துவிடும். வெள்ளை உடம்பில் கறுப்புப் பட்டை, நீலம் பாய்ந்த சாம்பல் கால், நுனி மேலே வளைந்த கறுப்பு அலகு. குத்தாது, கொத்தாது. அலகைக் கொஞ்சமாகத் திறந்து, வளைந்த பாகம் மட்டும் கூழ்ச்சேற்றில் படும்படி வைத்து, இடமும் வலமுமாக அரிவாள் வீசுவது போல வீசிக்கொண்டே நடக்கும். கண்ணால் பார்த்துப் பிடிப்பது குறைவு, அலகில் தட்டுப்படுவதுதான் இரை. சேறு கெட்டியானால் அந்த வீச்சு நடக்காது. பக்கத்தில் நிற்கும் கருவால் மூக்கனோ தலை முங்கும்வரை தையல் மிஷின் ஊசி மாதிரி நேராக இறக்கி எடுக்கும். ஒரே குட்டை, இரண்டு சமையல்.

ஸ்க்ரேப்பைச் சுற்றி வர மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். வழியில் பறவைக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்க்க ஜன்னல் வைத்த மறைவிடங்கள். வெளிச்சம் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். கடல் பக்கத்தில் இருக்கும் கிழக்கு மறைவிடம் மேற்கே பார்த்தது, காலையில் வெயில் முதுகுக்குப் பின்னால். மத்தியானத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்தால் எல்லாப் பறவையும் கரித்துண்டுதான். அந்த நேரத்துக்கு எதிர்க்கரைக்குப் போய்விட வேண்டும். இது மதகு வைத்து அடைத்த கழி என்பதால் கடல் ஏற்றவற்றம் இதற்குள் வராது, அட்டவணை பார்க்கத் தேவையில்லை. இப்ஸ்விச் பக்கத்தில் ஆர்வெல் முகத்துவாரம் அப்படி இல்லை. அங்கே நீர் ஏறி முடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்தால், ஏறும் தண்ணீர் பறவையை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். வற்றின நேரத்தில் போனால் அரைக் கிலோமீட்டர் தள்ளிப் புள்ளிகள் தெரியும், அவ்வளவுதான்.

மறைவிடத்துக்குள் நடத்தை என்று ஒன்று உண்டு. ஜன்னல் பலகையை மெதுவாகத் தூக்கிக் கொக்கியில் மாட்ட வேண்டும், டமாரென்று விட்டால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். கையையோ லென்ஸையோ வெளியே நீட்டக் கூடாது. மனித உருவத்தைவிடத் துருத்தி அசையும் கைக்குத்தான் பறவை கிளம்புகிறது. பலகைத் தளத்தில் ஒருவர் நடந்தாலே எல்லோருடைய டெலஸ்கோப்பும் ஆடும். இங்கத்து ஆட்கள் பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூட வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் மறைவிடத்தில் "ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் போதும், "மூன்றாவது திட்டு, வேலிக்கம்பத்துக்கு இடப்பக்கம், தூங்கும் மூக்கனுக்குப் பின்னால்" என்று சொல்லி, தன் டெலஸ்கோப்பிலேயே பார்க்கச் சொல்வார்கள். நேர் எதிரே பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு கடிகார முள் கணக்கிலும் திசை சொல்வார்கள்.

பைனாகுலர் விஷயம். 8×42 வாங்கு, அதாவது 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம். 10 மடங்கு பெரிதாகக் காட்டுமே என்று கடைக்காரர் சொல்வார். கை நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்கும், பார்வைப் பரப்பும் சுருங்கும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, அதுதான் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம், மி.மீ.யில். 10 என்றால் 4.2 தான். விடியலிலும் அந்தியிலும் இந்த வித்தியாசம் தெரியும். வாங்கினதும் முதல் வேலை: வலக்கண்ணை மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்கு. பிறகு இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது குழலில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே பொருளைத் தெளிவாக்கு. பெரும்பாலோர் இதைச் செய்யாமலே கண் வலிக்கிறது என்கிறார்கள். நீ மூக்குக்கண்ணாடி போடுகிறவன், கண் குவளையைக் கீழே திருகிவிட்டுப் பார்.

டெலஸ்கோப் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால் 60 மடங்கு என்பதில் மயங்காதே. வெயில் ஏறினதும் சேற்றுக்கு மேல் கானல் கொதிக்கும், 30-க்கு மேல் பறவை நெளிய ஆரம்பிக்கும். இங்கேயே இப்படி என்றால் நம் உப்பளத்தில் காலை ஒன்பதுக்கு மேல் 20-தான். காற்றடித்தால் முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதே, பையை அதில் தொங்கவிடு. இந்தக் கரையில் அடிக்கும் வடகடல் காற்றுக்கு உள்ளூரில் சோம்பேறிக் காற்று என்று பெயர். சுற்றிப் போகச் சோம்பல்பட்டு ஆளுக்குள்ளேயே புகுந்து போகுமாம். லென்ஸில் உப்புத்தூசி படிந்தால் உலர்ந்த துணியால் துடைக்காதே, கீறல் விழும். முதலில் ஊதி மணலைப் போக்கு, பிறகு ஈரத்துணியால் ஒற்று. உங்கள் ஏ.சி. அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் பூத்துப்போகும், பைக்குள்ளேயே பத்து நிமிஷம் வைத்திரு.

அடையாளம் கண்டுபிடிப்பதில் எல்லோரும் விழும் குழி ஒன்று: கால் நிறம். சேறு பூசினால் பவளக்காலியும் பச்சைக்காலிதான். அலகு தலையைவிட நீளமா குட்டையா என்று முதலில் பார். அடுத்து நடை. உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓடும். உள்ளான் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டே போகும். அளவைத் தனியாகச் சொல்லாதே, பக்கத்துப் பறவையோடு ஒப்பிட்டுச் சொல். இன்னொன்று, பறவைக்கு இலையுதிர்காலம் ஜூன் கடைசியிலேயே தொடங்கிவிடும். முதலில் தேய்ந்து கந்தலான இறகோடு பெரியவை திரும்பும். இப்போது ஆகஸ்டில் வருவது இந்த வருஷத்துக் குஞ்சுகள், இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிர் கரை போட்டுப் புதுத்துணி மாதிரி இருக்கும். வயது தெரியாமல் இனம் தேடினால் படப்புத்தகம் குழப்பிவிடும்.

எல்லாம் ஒன்றாகக் கிளம்பினால் கீழே பார்க்காதே, மேலே பார். பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து இருக்கும். 1971-இல் பிரிட்டன் முழுக்க ஒரே ஒரு ஜோடிதான் கூடு வைத்தது, அதுவும் இதே மின்ஸ்மியரில். பூச்சிமருந்து செய்த வேலை. இன்று நாணல்மேல் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மிதக்கும். உங்கள் பக்கம் குளிர்காலத்தில் வருவதும் இதே இனம்தான். கொசு உள்ளானும் அப்படி: வடதுருவ ஓரத்தில் நார்வேயிலிருந்து சைபீரியா வரை பிறக்கிறது. இந்த வழியாகப் போவது ஆப்பிரிக்காவுக்கு, கிழக்கே பிறந்தது கோடியக்கரைக்கு.

எண்ணும்போது ஒவ்வொன்றாக எண்ணாதே. பத்தை எண்ணி அதன் பரப்பைக் கண்ணில் பதித்துக்கொள், அதே துண்டை மற்ற இடத்தில் அடுக்கு. கூட்டம் ஓரத்தில் அடர்ந்தும் நடுவில் கலைந்தும் இருக்கும், ஆகவே இரண்டு இடத்தில் பத்தை எண்ணிச் சராசரி எடு. இரண்டு தடவை எண்ணி, பெரிய வித்தியாசம் வந்தால் மூன்றாவது. நேரம், காற்று, தண்ணீர் மட்டம் மூன்றையும் பக்கத்திலேயே குறி. மட்டம் எழுதாத கணக்கு அடுத்த வருஷம் ஒன்றுக்கும் உதவாது.

பைனாகுலர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள். நம் கிழக்குப் பாத்தியில் ஈர விளிம்பு இப்போது எந்த வரப்பு வரை இருக்கிறது, கொசு உள்ளான் வந்துவிட்டதா, வந்திருந்தால் எத்தனை பத்து என்று எழுது. அம்மாவிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டாதே, சேற்றைப் பார்க்கவா கப்பல் ஏறினாள் என்று ஆரம்பித்துவிடுவாள்.

அன்புடன்,
அக்கா