டோக்கியோத் தெருவில் கார் நிற்பதில்லை: அப்பாவுக்கு ஒரு கடிதம்

நிஷி கசாய், டோக்கியோ

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று அறிந்து நிம்மதி அடைந்தேன்.

வீட்டுக்கு வெளியே தெருவிலேயே காரை நிறுத்திக்கொள்ள மாநகராட்சி மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதி தரவேண்டும் என்று நம் குடியிருப்போர் சங்கத்தில் மனு ஒன்று தயாராகிறது என்றும், அதில் கையெழுத்திடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இதற்கு இங்கே என்ன ஏற்பாடு என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை, அப்பா. காரை வைத்துக்கொள்ளத் தெருவுக்கு வெளியே ஓர் இடம் இருக்கிறது என்று நிரூபிக்காதவர் பெயரில் கார் பதிவாகவே ஆகாது.

எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் சென்ற ஆண்டு கார் வாங்கியபோது இதை அருகிலிருந்து பார்த்தேன். வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் ஓர் இடத்தை முதலில் வாடகைக்குப் பிடித்தார். பிறகு, வீடும் அந்த இடமும் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் வரைபடம், அந்த இடத்தின் நீள அகலத்தையும் அதை ஒட்டிய சாலையின் அகலத்தையும் குறித்த இன்னொரு படம், நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றுடன் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் விண்ணப்பித்தார். கார் முழுவதும் அந்த இடத்துக்குள் அடங்கவேண்டும், சாலையில் சிறிதும் நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது என்பது விதி. சில நாட்கள் கழித்துச் சான்றிதழ் கிடைத்த பின்புதான் வண்டி அவர் பெயருக்கு வந்தது. அந்த இடத்துக்கு அவர் தரும் மாத வாடகை 20,000 யென் அளவில் இருக்கிறது. நகரத்தின் நடுப்பகுதியில் இதைப்போல் இரண்டு மடங்கு கேட்பார்கள். கார் வேண்டுமா என்று இரண்டு முறை யோசிக்க வைப்பது பெட்ரோல் விலையைவிட இந்த வாடகைதான்.

இந்தச் சட்டம் 1962இல் வந்தது. அப்போது ஜப்பானியரில் பெரும்பாலோரிடம் காரே கிடையாது. முதலில் பெரிய நகரங்களில் நடைமுறைக்கு வந்து, பின்னர் படிப்படியாக மற்ற ஊர்களுக்கும் விரிந்தது. காரைத் தெருவில் வைத்துப் பழகியவர்களிடமிருந்து அந்த வசதியைப் பறிக்கும் சங்கடம் அரசாங்கத்துக்கு அவ்வளவாக நேரவில்லை என்பதை நீங்கள் சங்கக் கூட்டத்தில் நேர்மையாகச் சொல்லவேண்டும். நம் ஊரில் கதை நேர்மாறு. கார்கள் முன்பே வந்து நின்றுவிட்டன. சட்டம் இனிமேல்தான் வரவேண்டும்.

ஒரே இடத்தில் தொடர்ந்து 12 மணி நேரமோ, இரவில் 8 மணி நேரமோ காரைச் சாலையில் விட்டுவைப்பதே இங்கே குற்றம். இது போக, நிறுத்தக்கூடாத இடத்தில் விட்டுப் போனால் சாதாரணக் காருக்கு அபராதம் 15,000 யென். ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாத பகுதியானால் 18,000. 2006 முதல், காவல்துறை நியமித்த தனியார் கண்காணிப்பாளர்கள் பச்சைச் சீருடையில் இருவர் இருவராகச் சுற்றி வந்து, கண்ணாடியில் மஞ்சள் சீட்டை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். ஓட்டியவர் யார் என்று தேடி அலைவதில்லை. ஓட்டியவர் வந்து ஒப்புக்கொள்ளாவிட்டால் உரிமையாளர் கட்டவேண்டும். கட்டாமல் இழுத்தடித்தால் வண்டிக்குக் கட்டாயமான தகுதிப் பரிசோதனையை முடிக்க முடியாது. நம் ஊர் போக்குவரத்துக் காவலர் ஒரு வண்டிக்குச் சங்கிலி போட்டு, உரிமையாளர் வந்து சமாதானம் பேசும்வரை நிற்பதோடு இதை ஒப்பிட்டால், வேலை எங்கே முடிகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

ஓட்டைகளும் உண்டு. 660 சிசிக்கு மேற்படாத எஞ்சினும் மஞ்சள் எண்பலகையும் கொண்ட சிறு கார்களுக்கு முன்கூட்டிய சான்றிதழ் தேவையில்லை; டோக்கியோ போன்ற நகரங்களில் பின்னர் இடத்தைத் தெரிவித்தால் போதும். வேறு ஊர் முகவரியில் இடம் காட்டிப் பதிவு செய்துவிட்டு இங்கே ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பிடிபட்டால் தண்டனை உண்டு. சரக்கு வண்டி ஓட்டுநர்களின் பாடு வேறு: ஐந்து நிமிடம் இறங்கிப் பொட்டலம் கொடுத்துவிட்டு வருவதற்குள் சீட்டு ஒட்டப்பட்டுவிடும் என்பதால், வண்டியிலேயே இருக்க இன்னொருவரை உடன் அனுப்பவேண்டியிருக்கிறது. அவர்களுக்கு இந்த முறை கடுமைதான் என்று எனக்கும் தோன்றுகிறது.

ஆனால் தெருவின் கதை வேறு. டோக்கியோவின் பழைய குடியிருப்புகளில் தெருக்கள் நம் தெருவைவிடக் குறுகலானவை. பலவற்றில் நடைபாதையே கிடையாது, 4 மீட்டர் அகலம்கூட இல்லாத சந்துகளும் ஏராளம். அவற்றில் ஒரு பக்கம் கார்கள் நின்றால் தீயணைப்பு வண்டி உள்ளே போகமுடியாது. நிலநடுக்கமும் தீயும் சேர்ந்து 1923இல் செய்த அழிவை அறிந்த ஊர் இது. கார்கள் நிற்காததால் அந்தச் சந்துகளில் முதியவர்கள் நடுத்தெருவில் நடக்கிறார்கள், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போகிறார்கள். பழைய வீடுகளை இடித்த மனைகளில் மூன்று நான்கு கார்களுக்கு மட்டும் இடமுள்ள கட்டண நிறுத்தங்கள் முளைத்திருக்கின்றன. தெருவில் இலவசமாக நிற்க முடிந்திருந்தால் அந்த மனைகளில் ஒருவரும் காசு கொடுத்து நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

இந்த ஊரில் கார் இல்லாமல் வாழ முடிகிறது என்பதையும் மறைக்கக்கூடாது. எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையம் நடக்கும் தூரம்தான். டோக்கியோவில் சராசரியாக ஒரு குடும்பத்துக்கு அரைக் கார்கூட இல்லை. சில அடுக்குமாடிகளில் இயந்திரத்தால் இயங்கும் பல அடுக்குக் கார் நிறுத்தங்கள் காலியாகக் கிடப்பதால், பராமரிப்புச் செலவை எப்படிச் சமாளிப்பது என்று குடியிருப்போர் கவலைப்படுகிறார்கள். மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் இன்னும் காத்திருக்கிற ஒரு பகுதியில் இந்தச் சட்டத்தை மட்டும் கொண்டு வந்தால், பாதிப் பலன்தான் கிடைக்கும்.

ஆயுட்கால வரி கட்டியிருக்கிறோமே, தெருவில் நிறுத்த உரிமை இல்லையா என்று சங்கத்தில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி வண்டியை ஓட்டுவதற்கு என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஒரு கார் நிற்க எழுபத்தைந்து சதுர அடியாவது வேண்டும். அதே எழுபத்தைந்து சதுர அடியில் ஓர் ஏழை இளநீர்க் கடை போட்டால் ஆக்கிரமிப்பு என்று எழுதிப்போடும் முதல் கை நம் சங்கத்துக் கையாகத்தான் இருக்கும். உறை போட்டு மூடி, மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் காரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. மாதக் கட்டணம் வாங்கிவிட்டால் அந்த இடம் நிரந்தர உரிமையாகிவிடும் என்பதுதான் என் அச்சம்; பிறகு எந்தக் கவுன்சிலராலும் அதைத் திரும்பப் பெறமுடியாது.

ஆகவே அந்த மனுவில் இப்போதுள்ள வடிவில் கையெழுத்திட வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் பதிலாக, இனிமேல் வாங்கும் கார்களுக்கு மட்டும் இடச் சான்று கேட்கவேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே உள்ள கார்களுக்குச் சில ஆண்டுகள் அவகாசம் கொடுத்து, தீயணைப்பு வண்டி தாராளமாகப் போகக்கூடிய தெருக்களில் மட்டும், ஒரு பக்கம் மட்டும் நிறுத்த அனுமதிக்கலாம். அதற்கும் முன்பாக, நம் தெருவில் புதிதாக எழுந்த அடுக்குமாடிகளில் வரைபடத்தில் கார் நிறுத்தம் என்று காட்டி, பிறகு கடையாகவும் கிடங்காகவும் மாற்றிய தரைத்தளங்களைத் திரும்பத் திறக்கச் சொல்லவேண்டும். அதைச் சொன்னால் சங்கத்தில் சிலர் உங்களோடு பேச மாட்டார்கள். செயலாளரிடம் தனியாக முதலில் பேசிவிட்டுக் கூட்டத்தில் எழுப்புவது நல்லது.

கூட்டம் முடிந்ததும் என்ன முடிவானது என்று எழுதுங்கள். அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்