முகம் பழக்கம், ஆனால் சீட்டில் பெயர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிவி நட்சத்திரம் ஒருவர் அதிபர் தேர்தலில் ஜெயிக்க முடியுமா என்று கேட்ட உங்கள் கட்டுரை, 'முடியும், மக்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார்கள்' என்று முடிந்திருந்தது. முடியும் என்பதில் சந்தேகமில்லை. அமெரிக்காவின் டிரம்ப், உக்ரைனின் ஜெலன்ஸ்கி, குவாத்தமாலாவின் ஜிம்மி மொராலெஸ் என்று கண்ணெதிரே ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் காரணம்தான் இடிக்கிறது. அவர்களுக்குச் சற்றும் குறையாமல் முகம் தெரிந்த சிலருக்கு வாக்குச்சீட்டில் பெயர்கூட வரவில்லை.

டிரம்ப் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2016 குடியரசுக் கட்சி வேட்பாளர் போட்டியில் முதலில் நின்றவர்கள் 17 பேர். பிப்ரவரி 20 அன்று தென் கரோலினாவில் உட்கட்சித் தேர்தல் வந்தபோது மிச்சம் ஆறு பேர். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டுக்கு அந்த மாநிலத்துக்கு 50 பிரதிநிதிகள். மாநில அளவில் முதலிடம் பிடிப்பவருக்கு மொத்தமாக 29 பேர். ஏழு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் முதலிடம் பிடிப்பவருக்கு மும்மூன்று பேர், ஆக 21. டிரம்புக்குக் கிடைத்த ஓட்டு 32.5 சதவீதம். அடுத்து வந்த ரூபியோவும் குரூஸும் ஆளுக்கு 22 சதவீதத்தை ஒட்டி நின்றார்கள். பிரதிநிதிகள் 50 பேரும் டிரம்புக்கே போனார்கள். மூன்றில் இரண்டு பேர் வேண்டாம் என்று சொன்ன ஒருவருக்கு முழு மாநிலம்! எதிரணி ஐந்தாகப் பிரிந்திருந்ததும், முதலில் வருபவருக்கே எல்லாம் என்ற விதியும் செய்த வேலை அது. டிவியில் பழகிய முகம் அந்த முதல் 30 சதவீதத்தைச் சுலபமாக்கித் தந்தது. அதற்கு மேல் அது தந்ததாகச் சொல்ல முடியாது. வேட்பாளராகத் தேவைப்பட்டவர்கள் 1,237 பிரதிநிதிகள். அதைத் தாண்டியதும் 50 மாநிலங்களின் வாக்குச்சீட்டிலும் கட்சியின் இடம் தானாக வந்து சேர்ந்தது. நவம்பரில் நாடு முழுதும் எண்ணியதில் அவர் சுமார் 29 லட்சம் ஓட்டு பின்தங்கினார். ஆனால் அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியான தேர்வாளர் ஓட்டு என்பதால், மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 78,000-க்கும் குறைவான வித்தியாசத்தில் முந்தி அதிபரானார்.

கட்சி இல்லாமல் தனியே நிற்கும் நட்சத்திரத்தின் பாடு வேறு. அமெரிக்காவில் ஒரே வேட்புமனு என்ற பேச்சே கிடையாது. மாநிலத்துக்கு ஒரு சட்டம், ஒரு கெடு, ஒரு படிவம். 2024-ல் சீட்டில் பெயர் வர, சுயேச்சைக்கு டெக்சாஸ் கேட்டது 1,13,151 வாக்காளர் கையெழுத்து. உட்கட்சித் தேர்தல் முடிந்த மறுநாள், மார்ச் 6-ல்தான் வாங்கத் தொடங்கலாம். மே 13-க்குள் கொடுத்துவிட வேண்டும். 69 நாள். அந்த ஆண்டு எந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலும் ஓட்டுப் போடாத வாக்காளர்தான் கையெழுத்துப் போடலாம். ஒரு நாளைக்குச் செல்லுபடியாகும் கையெழுத்து மட்டும் ஏறக்குறைய 1,640 வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்கள் தேவைக்குப் பாதி அதிகமாக வாங்கி வைப்பார்கள். அப்படிப் பார்த்தால் தினமும் 2,460. ஏன் அதிகம் என்றால், சரிபார்க்கும்போது கொத்துக் கொத்தாக அடிபடும்: முகவரி பழையது, ஒருவரே இரண்டு தாளில் போட்டது, பதிவே செய்யாதவர், எழுத்துப் புரியாதது. பிரபலத்தின் கூட்டத்தில் இந்தக் கழிவு இன்னும் கூடும். செல்ஃபி எடுக்க வந்தவர் உற்சாகத்தில் கையெழுத்துப் போடுவார், அவர் பக்கத்து மாநிலத்து வாக்காளராக இருப்பார். கலிஃபோர்னியாவின் எண்ணிக்கை 2,19,403. துணை அதிபர் வேட்பாளரின் பெயரும் மனுவிலேயே இருக்க வேண்டும் என்று சில மாநிலங்கள் கேட்கும். அது தெரியாமல் வாங்கிய தாள்கள் குப்பைக்குத்தான்.

பாடகர் கன்யே வெஸ்ட் அதிபர் தேர்தலில் நிற்பதாக 2020 ஜூலை 4-ல் அறிவித்தார். டெக்சாஸ் உட்படச் சில மாநிலங்களின் கெடு அன்றைக்கே முடிந்து போயிருந்தது. விஸ்கான்சினில் வேண்டியது 2,000 கையெழுத்துதான், கடைசி நாள் ஆகஸ்ட் 4, மாலை 5 மணி. அவருடைய ஆட்கள் காகிதக் கட்டோடு வந்து சேர்ந்தபோது 5 அடித்துச் சில நொடிகள் ஆகியிருந்தன. கடிகாரம் 5:01 காட்டும்வரை அது 5 மணிதான் என்று வக்கீல் வாதாடிப் பார்த்தார். தேர்தல் ஆணையம் 5-க்கு 1 என்ற ஓட்டுக் கணக்கில் மறுத்தது, நீதிமன்றமும் ஏற்கவில்லை. முடிவில் அவர் பெயர் இடம்பெற்றவை 12 மாநிலங்கள் மட்டுமே. உலகம் முழுக்கத் தெரிந்த முகம்!

எல்லா மாநிலத்திலும் பெயர் வந்துவிட்டால் மட்டும்? 1992-ல் சுயேச்சையாக நின்ற தொழிலதிபர் ராஸ் பெரோ, லாரி கிங்கின் டிவி நிகழ்ச்சியில் உட்கார்ந்து பேசி ஆரம்பித்த ஓட்டத்தில் 50 மாநிலச் சீட்டிலும் இடம் பிடித்தார், 18.9 சதவீத ஓட்டும் வாங்கினார். தேர்வாளர் ஓட்டு ஒன்றுகூட இல்லை. 48 மாநிலங்களில் முதலில் வருபவருக்கே எல்லாம் என்பதால், எங்கும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வருபவருக்கு எதுவும் மிஞ்சாது. மொத்தம் 538-ல் 270 யாருக்கும் கிடைக்காமல் போனால், பிரதிநிதிகள் சபையில் மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்று முடிவாகும். அங்கே இருப்பவர்கள் கட்சிக்காரர்கள். சுயேச்சை நட்சத்திரத்துக்கு அங்கே யார் கை தூக்குவார்கள்?

பிரேசிலின் சில்வியோ சான்டோஸ் கதையை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. எஸ்பிடி தொலைக்காட்சியின் உரிமையாளர், ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியால் நாடே அறிந்தவர். 1960-க்குப் பிறகு மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முதல் தேர்தல், 1989 நவம்பர் 15-ல். வாக்குப் பதிவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரமே இருக்கையில் அவர் குதித்தார். புதுக் கட்சி தொடங்க நேரம் ஏது? பிஎம்பி என்ற குட்டிக் கட்சியின் வேட்பாளர் அர்மாண்டோ கொரேயா விலகி இடம் கொடுத்தார். வாக்குச்சீட்டுகள் அதற்கு முன்பே அச்சாகிவிட்டன. அதில் 26-ம் எண்ணுக்கு நேரே கொரேயா பெயர். ஆகவே சான்டோஸ் தன் பிரசார நேரத்தில் டிவியில் தோன்றி, எனக்கு ஓட்டுப் போட விரும்பினால் 26, கொரேயா என்ற இடத்தில் குறியிடுங்கள் என்று பாடம் நடத்த வேண்டியிருந்தது. நாட்டிலேயே அதிகம் பழகிய முகம், சீட்டில் யாருக்கும் தெரியாத ஒருவரின் பெயர். அந்தப் பாடமும் வீண். சட்டம் கேட்ட அளவு மாநிலங்களில் அந்தக் கட்சி மாநாடு நடத்தவில்லை என்பது வெளிப்பட்டு, நவம்பர் 9-ல் உச்ச தேர்தல் நீதிமன்றம் அவருடைய வேட்புமனுவைத் தள்ளியது. கட்சியை வாடகைக்கு எடுக்கும் முன் அதன் பதிவுச் சான்றுகளை ஒரு வக்கீல் இரண்டு மணி நேரம் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொரு சிக்கல், நட்சத்திரத்தின் பலமே அவருக்குத் தடையாவது. அமெரிக்காவில் 1934 தகவல் தொடர்புச் சட்டத்தின் 315-வது பிரிவு, ஒரு வேட்பாளர் திரையில் வந்தால் கேட்கும் போட்டியாளருக்கும் அதே வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. நடிகர் பிரெட் தாம்ப்சன் 2007-ல் களமிறங்கியபோது, அவர் மாவட்ட அரசு வழக்கறிஞராக நடித்த 'லா அண்ட் ஆர்டர்' பகுதிகளின் மறு ஒளிபரப்பை என்பிசி தொலைக்காட்சி நிறுத்தியது. முன்னாள் செனட்டரான அவரே 2008 ஜனவரியில் விலகிவிட்டார். 2015 நவம்பரில் டிரம்ப் அதே என்பிசியின் நகைச்சுவை நிகழ்ச்சியில் 12 நிமிடம் 5 நொடி தோன்றினார். கேட்டு வந்த போட்டியாளர்களுக்கும் அந்த அளவு நேரம் தர நேர்ந்தது. ஆனால் செய்திக்கும் செய்திப் பேட்டிக்கும் 1959 முதல் விலக்கு உண்டு. டிரம்ப் அந்த இடுக்கைப் பிடித்தார். காலை நிகழ்ச்சிகளுக்குத் தொலைபேசியில் பேசினார், எந்த நிமிடமும் கணக்கில் ஏறவில்லை. பிரான்ஸில் டிவி விமர்சகர் எரிக் செமூருக்கு வாய்த்தது நேர்மாறு. வேட்பாளராகும் முன்பே, 2021 செப்டம்பரில், அவருடைய அரசியல் பேச்சு நேரத்தை எண்ண வேண்டும் என்று ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பு சொன்னது. தினசரி நிகழ்ச்சி கைவிட்டுப் போனது. 2022 முதல் சுற்றில் கிடைத்தது 7 சதவீதம்.

இரண்டு சுற்று முறைதான் பொதுவாக இவர்களுக்கு வசதி. முதல் சுற்றில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் போதும். 2019 மார்ச் 31-ல் உக்ரைனில் 39 பேர் போட்டி. ஒவ்வொருவரும் கட்டிய டெபாசிட் 25 லட்சம் ஹ்ரிவ்னியா. ஜெலன்ஸ்கி வாங்கியது 30.24 சதவீதம், இரண்டாம் சுற்றில் 73.22. அவர் நடித்த டிவி தொடரின் பெயரையே 2018-ல் கட்சிப் பெயராகப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். தொடரின் மூன்றாம் பருவம் வாக்குப் பதிவுக்குச் சில நாள் முன்னால் ஓடியது. அமெரிக்காவில் இது நடந்திருந்தால் போட்டியாளர்கள் வரிசையில் வந்து நேரம் கேட்டிருப்பார்கள். மொராலெஸுக்கு 2015 முதல் சுற்றில் சுமார் 24 சதவீதம்தான். ஊழல் வழக்கில் சிக்கிய அதிபர் பெரெஸ் மொலினா பதவி விலகிய அதே வாரத்தில் வாக்குப் பதிவு நடந்தது. இரண்டாம் சுற்றில் எதிரே நின்றவர் இன்னொரு முன்னாள் அதிபரின் மனைவியாக இருந்த சான்ட்ரா டோரஸ். மொராலெஸுக்கு 67 சதவீதம் விழுந்தது. அந்த ஓட்டில் பெரும்பகுதி எதிரிக்கு எதிரான ஓட்டு என்பது எங்கள் கருத்து. எதிரில் வெறுப்புக்கு ஆளாகாதவர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்லோவீனியா இருக்கிறது. நகைச்சுவை நடிகராக இருந்து நகர மேயரான மார்யான் ஷாரெட்ஸ், 2017 அதிபர் தேர்தலில் பதவியிலிருந்த அதிபர் பாகோரிடம் சுமார் 47 சதவீதத்தோடு தோற்றார்.

ரீகனைச் சொல்லி உடனே மறுப்பு வரும். அவர் 1954 முதல் 1962 வரை டிவி நிகழ்ச்சி நடத்தியவர்தான். ஆனால் 1966-ல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் வென்று இரண்டு முறை ஆண்டு, 1976 மாநாட்டில் ஃபோர்டிடம் 1,187-க்கு 1,070 என்று தோற்று, 1980-ல்தான் வந்தார். நடுவில் 14 ஆண்டு கட்சி வேலை. அதை டிவி வெற்றி என்ற கணக்கில் எழுதுவது சரியல்ல.

2018 ஜனவரியில் டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரி கோல்டன் குளோப் விருது மேடையில் பேசியதும் பல பத்திரிகைகள் வேட்பாளரே கிடைத்துவிட்டதாக எழுதின. அடுத்து அப்படி ஒரு பெயர் அடிபட்டால் உங்கள் நிருபர் பார்க்க வேண்டிய இடம் அமெரிக்கக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் இணையதளம். 5,000 டாலருக்கு மேல் திரட்டினாலோ செலவழித்தாலோ 15 நாளில் வேட்பாளர் அறிவிப்புப் படிவம் தாக்கலாக வேண்டும். அது அங்கே யார் கண்ணிலும் படும். படிவம் இல்லை, ஆளுக்கு ஆள் பேட்டி மட்டும் என்றால், புதிய நிகழ்ச்சியோ புத்தகமோ வரப்போகிறதா என்று விசாரிக்கலாம்.

ஒரு திருத்தமும் உண்டு. வருங்கால அதிபர்கள் பட்டியலில் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரையும் சேர்த்திருக்கிறீர்கள். அவர் ஆஸ்திரியாவில் பிறந்தவர். பிறப்பால் குடிமகனாக இருப்பவர்தான் அமெரிக்க அதிபராகலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள்