நன்றி டைரி எழுதச் சொல்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டிவேஷன் ஸ்பீக்கர்கள், வெல்னஸ் கோச்கள், ஆபீஸ் ஆபீஸா போய் பாசிட்டிவ்வா இருக்கறது எப்படின்னு கிளாஸ் எடுக்கறவங்க, எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசம் உங்கள்ல ஒருத்தரோட ட்ரெய்னிங்ல உக்காந்திருந்தேன். முழுசா மூணு மணி நேரம். ஆளுக்கொரு டைரி குடுத்து தினமும் தூங்கறதுக்கு முன்னாடி அஞ்சு விஷயத்துக்கு நன்றி எழுதுங்க, 21 நாள் விடாம எழுதினா வாழ்க்கையே மாறிடும்னாங்க. நானும் நல்ல பிள்ளையா எழுதினேன். மூணு நாள் நல்லாத்தான் போச்சு, நாலாவது நாள்ல இருந்து குடும்பம், ஆரோக்கியம், வேலை, வீடு, நண்பர்கள்னு அதே அஞ்சையும் வரிசை மாத்தி மாத்தி எழுதிட்டிருந்தேன், பன்னெண்டாவது நாள் "மேற்படி"ன்னு போட்டுட்டு லைட்டை அணைச்சுட்டேன். சிரிக்காதீங்க, நிஜமாவே அப்படித்தான் போட்டேன்.

என் மேலதான் தப்புன்னு நெனச்சு கொஞ்சம் தேடிப் படிச்சேன். இந்த டைரிக்கெல்லாம் பெரிய ஆதாரமா நீங்க காட்டுறது ராபர்ட் எமன்ஸ், மைக்கேல் மெக்கல்லோன்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட்டுங்க 2003ல வெளியிட்ட ஆய்வைத்தான். அதுல முதல் சோதனையில அவங்க கேட்டது வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் அஞ்சு வரைக்கும், பத்து வாரம். தினமும் எழுத வச்ச சோதனையும் அதுலயே இருக்கு, இல்லேங்கல. ஆனா 2005ல சோன்யா லியுபோமிர்ஸ்கின்னு இன்னொரு சைக்காலஜிஸ்ட்டோட குழு சொன்னதைப் பாருங்க, ஆறு வாரம் நடந்த அந்தச் சோதனையில வாரத்துக்கு ஒரு நாள் எழுதினவங்களுக்குத்தான் சந்தோஷம் கூடியிருக்கு, மூணு நாள் எழுதினவங்களுக்கு அப்படி ஒண்ணும் கூடல. அடிக்கடி எழுதினதுல சலிச்சுப் போயிருக்கலாம்னு அவங்க நெனைக்கறாங்க. இதை உங்க ஸ்லைடுல ஏன் போட மாட்டேங்கறீங்க?

சலிப்புன்றது மனசு சரியில்லாததால வர்றது இல்லங்க, நம்ம கண்ணே அப்படித்தான் வேலை செய்யுது. 1804ல ட்ராக்ஸ்லர்னு ஒரு சுவிஸ் டாக்டர் கவனிச்ச விஷயம் இது, ஒரு புள்ளியையே கண்ணை அசைக்காம பாத்துட்டே இருந்தா அதைச் சுத்தி ஓரத்துல இருக்கறது மெல்ல மெல்ல மங்கி காணாமலே போயிடும், அது அங்கயேதான் இருக்கும், மாறாத எதையும் மூளை கணக்குல இருந்து தள்ளிடுது. கண்ணை லேசா நகத்தினா போதும், திரும்ப வந்துடும். வீட்டு ஆளுங்க முகம், ஜன்னலுக்கு வெளிய இருக்கற மரம், குழாயைத் திறந்தா தண்ணி வர்றது எல்லாமே இப்படித்தான் மங்கிப்போயிருக்கு. அதுக்கு மருந்து நோட்டுல இல்ல, கண்ணை நகத்தறதுல இருக்கு.

"மேற்படி"க்கு அப்புறம் நான் டைரியை மூடிட்டு ஒண்ணே ஒண்ணு செஞ்சேன். தெனமும் பாக்கற ஏதோ ஒண்ணை கொஞ்ச நேரம் சும்மா பாத்தேன். வாளித் தண்ணியில விழுந்த வெயில் மேல கூரையில போய் நெளியறது, மாடிப்படி கைப்பிடியில எல்லாரும் பிடிச்சு பிடிச்சு ஒரு இடம் மட்டும் வழவழன்னு மின்னுறது, தூங்கி எழுந்த குழந்தை கன்னத்துல தலையணை மடிப்பு பதிஞ்சிருக்கறது. இதுல எதுக்கும் நான் நன்றின்னு எழுதல. ஆனா அன்னைக்கு முழுக்க எரிச்சல் கம்மியா இருந்துச்சு.

இன்னொரு விஷயம், இதை கொஞ்சம் கோவமாவே சொல்றேன். கை கால் இல்லாதவங்க போட்டோவைத் திரையில போட்டு "இவங்களைப் பாருங்க, உங்களுக்கு என்ன குறை"ன்னு கேக்கறீங்களே, அதை இன்னையோட விட்டுடுங்க. அடுத்தவங்க வாழ்க்கை நமக்கு ஆறுதல் மாத்திரை இல்ல. அதே மாதிரி சம்பளம் லேட்டாகுது, வேலை ரெண்டாள் வேலையா இருக்குன்னு ஒருத்தர் எழுந்து சொன்னப்போ "இருக்கற வேலைக்கு நன்றியோட இருங்க"ன்னு வாயை அடைச்சீங்க. வானத்து கலரையும் ரசிக்கலாம், சம்பளத்தையும் கேக்கலாம், ஒண்ணு இன்னொண்ணுக்கு குறுக்க நிக்காது.

தமிழ்ல நன்றின்னாலே முதல்ல தேங்க்ஸ் கிடையாது, ஒருத்தர் செஞ்ச நல்லதுக்குத்தான் அந்தப் பேர். செய்ந்நன்றின்னு சொல்றோம்ல. அதனாலதான் நன்றி கெட்டவனைப் பத்திப் பேசறப்ப நன்றி சொல்லாதவன்னு திட்ட மாட்டோம், நன்றி மறந்தவன்னுதான் திட்டுவோம். அப்போ விஷயம் ஞாபகத்துல இருக்கு. கவனிச்சுப் பாத்ததுதானே ஞாபகம் இருக்கும், பாக்காததை எங்க இருந்து ஞாபகம் வச்சுக்கறது?

எழுதித்தான் ஆகணும்னா, நல்லது செஞ்ச ஒருத்தருக்குக் கடிதமா எழுத வையுங்க. 2018ல அமித் குமாரும் நிக்கோலஸ் எப்ளியும் செஞ்ச ஆய்வுல நன்றிக் கடிதம் எழுதினவங்க, வாங்கறவங்களுக்கு இது சங்கடமா இருக்குமோன்னு தேவைக்கு மேலயே பயந்திருக்காங்க, வாங்கினவங்களோ இவங்க நெனச்சதை விட ரொம்ப சந்தோஷப்பட்டிருக்காங்க. நானும் என் பழைய டீச்சர் ஒருத்தருக்கு நாலு வரி அனுப்பினேன், அனுப்பறதுக்கு முன்னாடி மூணு தடவை அழிச்சேன், அவங்க பதில் நாலு பக்கம் வந்துச்சு. அதுல பாதி, நான் மறந்தே போன என் கையெழுத்தைப் பத்தி.

கடைசியா அந்த ஹால் பத்தி சொல்லியே ஆகணும். சுத்தி இருக்கற அழகைக் கவனிங்கன்னு மூணு மணி நேரம் பேசினீங்க, ப்ரொஜெக்டருக்காக ஜன்னல் திரை பூராவும் மூடியிருந்துச்சு. ஒரு ஓரத்துல மட்டும் திரை சரியா சேராம விரல் அகலத்துக்கு இடுக்கு. அது வழியா வெயில் ஒரு கோடா உள்ள விழுந்து, சூரியன்ல இருந்து கிளம்பி எட்டு நிமிஷம் சொச்சம் ஓடி வந்த வெளிச்சம், அதுல தூசி மெதுவா மிதந்துட்டிருந்துச்சு. நீங்க ஆரம்பிச்சப்போ அந்தக் கோடு முதல் வரிசையில ஒருத்தரோட ஷூ மேல இருந்துச்சு, முடிச்சப்போ பின்னாடி காலி நாற்காலி மேல ஏறியிருந்துச்சு. ஃபீட்பேக் ஃபார்ம்ல இதை எழுத கட்டம் இல்ல, திருப்பிப் போட்டு பின்பக்கம் எழுதிக் குடுத்திருக்கேன், பாத்தீங்களான்னு தெரியல. அடுத்த தடவை முதல் பதினஞ்சு நிமிஷம் அந்தத் திரையைத் திறந்து வச்சுட்டு நீங்களும் எங்க கூட கீழ வந்து உக்காருங்க.