கடற்கரைக் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர்களுக்கு

புதுச்சேரி கடற்கரைச் சாலையின் பொதுக் கழிப்பறைகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு வணக்கம். நீங்கள் எந்தத் துறை, எந்தக் கட்டடம், எந்த மாடி என்று விசாரித்துப் பார்த்தேன். கேட்ட இடத்திலெல்லாம் இன்னொரு இடத்தைக் கை காட்டினார்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன், போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேரட்டும்.

கேட்பது ஒன்றே ஒன்று. கடற்கரையில் பெண்கள் கழிப்பறையைக் காலையிலிருந்து இரவு வரை திறந்து வையுங்கள். மதியமும் சேர்த்து.

உங்கள் ஊர் மேல் எனக்குக் கோபம் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலைக்காரர்களுக்குக் கடல் என்றால் பாண்டிதான். பஸ் ஏறி செஞ்சியைத் தாண்டிவிட்டாலே பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கடலைத் தேட ஆரம்பித்துவிடும். காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கருங்கல் தூண்கள்கூட செஞ்சியிலிருந்து போனவை என்று சொல்வார்கள், அந்த உரிமையும் எங்களுக்கு உண்டு. சாயங்காலம் ஆனால் வண்டிகளை நிறுத்திவிட்டு சாலையை நடப்பவர்களுக்கே விட்டுவிடுகிறீர்களே, அதற்காகவே உங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். எங்கள் ஊர்க் கிரிவலப் பாதையில் பௌர்ணமி தவிர மற்ற நாளில் நடந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் பாண்டிக்குச் சாயங்காலம் மட்டும்தான் ஆள் வருகிறதா? வெளியூர் பஸ்ஸில் வருகிறவர்கள் உச்சி வெயிலில்தான் வந்து இறங்குவோம், இருட்டுவதற்குள் திரும்பியும் விடுவோம். ரூம் போட்டுத் தங்குகிறவர்களுக்குக் குளியலறை இருக்கிறது. எங்களுக்கு இருப்பது உங்கள் கழிப்பறை ஒன்றுதான்.

சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. தினமும் காலையில் நீர் மாத்திரை போட வேண்டும். அதைப் போட்டால் மணிக்கொரு தரம் போக வேண்டியிருக்கும் என்பதால், வெளியூர் கிளம்புகிற நாளில் மாத்திரையை அப்படியே டப்பாவில் விட்டுவிடுவார். தண்ணீரும் குடிக்க மாட்டார், பஸ்ஸில் நான் பாட்டிலை நீட்டினால் உதட்டை நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவார். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று சொல்வதும் இல்லை. எங்கள் அம்மா மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டில் ஐம்பது தாண்டிய பெண்களைக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு பயணக் கணக்கு இருக்கும்.

அவ்வளவு ஜாக்கிரதையாக வந்தும் அன்றைக்கு அவசரம் வந்துவிட்டது. கழிப்பறைக்குப் போனோம். ஆண்கள் பக்கம் விரியத் திறந்து கிடந்தது. பெண்கள் பக்கக் கதவில் பூட்டு. கதவில் புடவை கட்டிய பெண்ணின் படம், பளிச்சென்று புதுப் பெயின்ட்டில் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே கட்டண விவரம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. பக்கத்தில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த அக்கா, "சாவி வெச்சிருக்கற அம்மா சாப்பிடப் போயிருக்கும், வெயில் தாழ்ந்துதான் வரும்" என்றார். ஆண்கள் பக்கத்தை ஏன் பூட்டவில்லை என்று கேட்டேன். "அத பூட்டுனா என்ன, பூட்டாட்டி என்ன, அவங்களுக்குத்தான் பாறை இருக்கே" என்று கடலைப் பார்த்துக் கை நீட்டினார். பாறைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும்.

சாப்பிடப் போன அந்த அம்மா மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். நாள் முழுக்க ஒரே ஆளை அந்த வெக்கையில் உட்கார வைத்தால் அவரும் ஒருவேளை சோறு சாப்பிடத்தானே வேண்டும்? மாற்றி விட இன்னொரு ஆள் போடாதது அவர் குற்றமா?

அடுத்து ஒரு காபிக் கடைக்குப் போனோம். வாசலில் இருந்த தம்பி, "கஸ்டமருக்கு மட்டும்தான் மேடம்" என்றார். சரி, கஸ்டமர் ஆனோம். ஒன்றுக்குப் போவதற்காக இரண்டு காபி வாங்க வேண்டியிருந்தது. அந்தக் காபியைக் குடித்தால் மறுபடி எங்கே போவது என்பது அடுத்த பிரச்சினை. கழிப்பறை மாடியில், குறுகலான இரும்புப் படி. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு படியாக ஏறினார். அதற்கு மேல் நடந்ததை எழுத அம்மா சம்மதிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரு புதுப் புடவை வாங்கினோம், அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்களால் முடியாத காரியம் என்றால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். 1980களில் தெற்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புக் கட்டினார்கள், வடக்கே நகர வேண்டிய மணல் அங்கேயே தங்கிவிட்டது, ஊர் தன் கடற்கரையை இழந்து பாறையைக் கொட்டிக்கொண்டது. அப்புறம் என்ன செய்தீர்கள்? தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் இரும்புக் கட்டமைப்பை இறக்கி, போன மணலைத் திரும்ப வரவழைத்தீர்கள். நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். வங்கக் கடலையே வழிக்குக் கொண்டுவரத் தெரிந்த ஊருக்கு ஒரு கதவை மதியம் மூன்று மணிக்குத் திறந்து வைக்கத் தெரியாதா? 2017-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலிலும் சேர்ந்தாயிற்று. அந்த ஸ்மார்ட்டில் இந்தப் பூட்டு எந்தப் பிரிவில் வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

குடிப்பதற்கு உங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு ஏற்பாடு இருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, ஞாயிற்றுக்கிழமையும் சிரித்த முகம். குடித்தது வெளியே போவதற்கு மட்டும் வழி செய்ய மறந்துவிட்டீர்கள். ஆட்டோவுக்கு மீட்டர் கிடையாது, நடைபாதையில் பாதியை நாற்காலிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன, மஞ்சள் சுவர் முன்னால் போட்டோ எடுக்கிறவர்களைத் தாண்டித் தெருவில் நடக்கவே முடியவில்லை. இதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் மடல் நீண்டுகொண்டே போகும். அவை இன்னொரு நாளைக்கு.

பாரதி பூங்கா நடுவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம் நிற்கிறது. தன் மாளிகையை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டினாள் என்று சொல்லப்படுகிற பெண்ணுக்காக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது. உங்கள் அரசாங்கத்தின் சின்னமே அந்த மண்டபம்தான், நீங்கள் அனுப்பும் கடிதத் தாளிலெல்லாம் அது இருக்கும். ஊருக்குத் தண்ணீர் கொடுத்த பெண்ணைத் தலையில் வைத்துக்கொண்டாடும் ஊரில், பெண்கள் தண்ணீர் குடிக்கப் பயந்துகொண்டு சுற்றிப் பார்க்கிறோம். இதற்கு மேல் நான் கிண்டல் செய்ய எதுவும் இல்லை, அது தன்னாலேயே நடந்துகொண்டிருக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேண்டுகோளைத் தயவுசெய்து இன்னொரு தடவை படியுங்கள்: பெண்கள் கழிப்பறை காலையிலிருந்து இரவு வரை திறந்திருக்க வேண்டும். அதற்கு மதியத்துக்கு மாற்று ஆள் ஒருவர் வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் வேலை செய்ய வேண்டும், முழங்கால் மடங்காதவர்களுக்காக ஒன்றிலாவது மேற்கத்திய முறைத் தொட்டி வேண்டும். திறக்கும் நேரத்தையும், பூட்டியிருந்தால் கூப்பிட ஒரு போன் நம்பரையும் கதவில் எழுதிப் போடுங்கள். பத்து ரூபாய் கேட்டாலும் கொடுத்துவிட்டுப் போகிறோம், இரண்டு காபியை விட மலிவுதான்.

ஆடி மாதம் என் சித்தியும் அவர் மருமகளும் பாண்டி பார்க்க வேண்டும் என்கிறார்கள், மருமகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். வரச் சொல்லட்டுமா, வேண்டாமா? அதற்கு முன் ஒரு பதில் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

மரியாதையுடன்,
திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒருத்தி