மே மாதம் வேண்டாம் அக்கா

அக்கா,

வருகிற புரட்டாசியோடு அப்பா போய் ஒரு வருஷம். திதி முடிந்ததும் ஏற்காடு போகலாமா என்று கேட்டிருந்தாய். போகலாம். ஐப்பசி பிறக்கட்டும்.

அப்பாவோடு ஏற்காடு போன அன்றைக்கு நான் பூவுக்குத்தான் நாள் பார்த்தேன், தண்ணிக்குப் பார்க்கவில்லை. மலர்க் கண்காட்சி மே மாதம். கிளியூர் அருவியில் 300 அடி விழுவதோ ஏரி நிரம்பி வழிகிற தண்ணி. கோடையில் ஏரி வழியாது. பாதிப் படியில் துண்டை விரித்து உட்கார்ந்து, காய்ந்த பாறையைப் பார்த்து அப்பா "இதுக்காடா?" என்றார். அதற்குப் பிறகு நீ பேசியதை இங்கே எழுத மாட்டேன், சொந்தக்காரர்களும் படிப்பார்கள். தப்பு என்னுடையதுதான். ஆனால் மே மாதம்தான் லீவு என்று அடம்பிடித்தது யார்?

அது கிடக்கட்டும். இந்தத் தடவை முதலில் ஏரிக்குப் போய்ப் பார்ப்போம். வழிந்தால் மட்டும் கிளியூருக்கு வண்டியைத் திருப்பலாம். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்தான். பெருமழை கொட்டிய மறுநாள் வேண்டாம், இறங்க விடமாட்டார்கள். படியில் பாசி பிடித்திருக்கும். ரப்பர் செருப்பு வழுக்கும், பின்வார் வைத்ததைப் போட்டு வா. இறங்கும்போது ஒன்றும் தெரியாது. ஏறும்போதுதான் முட்டி பேசும். அதனால் காலையிலேயே அருவி, பிறகு தோட்டம்.

அம்மா இறங்க வேண்டாம். விட்டுவிட்டுப் போவதா என்று பொங்காதே, நான் மேலே கூட இருக்கிறேன். நீ பார்த்துவிட்டு வா.

அம்மாவுக்கு ஆர்க்கிட் தோட்டம் போதும். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்துடையது, அரசாங்க இடம். வார நாளாகப் பார்த்து, முன்கூட்டிப் போன் பண்ணிக் கேட்டுக்கொள். ஐப்பசியில் பூ குறைவாகத்தான் இருக்கும், அதற்கும் என்னைத் திட்டாதே. பூ இல்லாவிட்டால் வேரைப் பார். மரத்தில் ஒட்டித் தொங்குகிற ஆர்க்கிட் வேர் காய்ந்திருக்கையில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. நனைந்தால் கண்ணெதிரே பச்சையாகும். மேல்தோல் தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச உள்ளிருக்கும் பச்சை தெரியும். மேகாலயாவிலிருந்து வந்த குடுவைச் செடியும் உண்டு. அந்தக் குடுவை பூ இல்லை, இலையின் நுனி. அம்மாவைத் தொட விடாதே.

சேலத்திலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பணும். 20 கொண்டை ஊசி வளைவு. இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள். முன் சீட் அப்பாவுடையது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நீயே உட்கார்.