2025–26 ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாலைநேரப் படிப்பகமும் கண் பரிசோதனை முகாமும் இவ்வாண்டும் தடையின்றி நடைபெற்றன. அவற்றின் வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையில் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, 2025 மே மாதம் அழகர்மலை அடிவாரத்தில் இளம் களப்பணியாளர்களுக்காக நாம் நடத்திய பத்து நாள் உண்டு உறைவிடப் பயிற்சியைப் பற்றியாகும்.

மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டி வட்டாரங்களிலிருந்து 24 பேர் கலந்துகொண்டனர். அவர்களில் 11 பேர் பெண்கள். பெண்பிள்ளைகளை வெளியிடத்தில் தங்கவைக்கப் பெற்றோரிடம் சம்மதம் வாங்குவதே முதல் வேலையாக இருந்தது. நம் மகளிர் உறுப்பினர்கள் வீடு வீடாகச் சென்று பேசினார்கள். தயங்கிய தந்தையர் சிலரை நேரில் அழைத்துவந்து தங்கும் அறையையும் கழிப்பறையையும் காட்டினார்கள். பெற்றவர்களின் அந்தக் கவலை நியாயமானது என்றே கருதுகிறேன். இனி வரும் ஆண்டுகளிலும் இந்த வழக்கத்தைக் கைவிடக் கூடாது.

முதல் இரண்டு நாட்களை உரைகளுக்கென்றே ஒதுக்கியது என் பிழை. பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டிலும் அவரவர் ஊர்க்காரர்களோடு தனித்தனியே அமர்ந்தார்கள். இந்த வட்டாரத்தில் ஊர் என்பதற்குள்ளேயே தெருவும் சாதியும் அடங்கியிருப்பதை உறுப்பினர்கள் அறிவீர்கள். மூன்றாம் நாள் காலையில் சீட்டுக் குலுக்கிச் சமையல் முறையும் துப்புரவு முறையும் பிரித்தோம். ஆண்களும் பெண்களும், ஒருவரையொருவர் அறியாதவர்களும் சேர்ந்து வெங்காயம் உரித்தார்கள், அண்டா கழுவினார்கள். யாருக்கும் அறிவுரை சொல்லப்படவில்லை. ஐந்தாம் நாள் இரவுப் பந்தியில் எவர் எந்த ஊர் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. காலையில் வந்து மாலையில் திரும்பும் பயிற்சியில் இது கிட்டியிருக்காது என்பதால்தான், செலவு கூடினாலும் தங்கிப் பயில்வதையே நான் வலியுறுத்துகிறேன்.

பயிற்சியின் நடுநாயகமாக அமைந்தது கிராம சபை ஒத்திகை. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேரும் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதையும், ஊராட்சியின் வரவு செலவைக் காட்டும் படிவம் 30-ஐ எப்படிப் படிப்பது என்பதையும், தீர்மானத்தின் வாசகத்தை எழுதி வாங்கிச் சரிபார்த்த பிறகே பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பதையும் அவர்களே நடித்துக் கற்றார்கள். 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு எழுதவும் ஒவ்வொருவரும் பழகினார்கள்.

எட்டாம் நாள் அரிட்டாபட்டிக்குச் சென்றோம். தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட அந்த ஊர், டங்ஸ்டன் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து 2024 நவம்பரில் சுற்றுவட்டார ஊர்களோடு சேர்ந்து கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றியதையும், 2025 சனவரியில் அந்த ஏலம் ரத்தானதையும் நாம் அறிவோம். ஊர்ப் பெரியவர்கள் கண்மாய்க் கரையில் அமர்ந்து அந்த நாட்களைச் சொல்லச் சொல்ல, முந்தைய நாள் ஒத்திகையில் சிரித்துக்கொண்டே தீர்மானம் எழுதிய பிள்ளைகள் குறிப்பேட்டைத் திறந்து முழுவதையும் எழுதிக்கொண்டார்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்பில் இருந்த காலம் அது. இந்நிலையில் ஆகஸ்டு 15 கிராம சபையில் நம்மிடம் பயிற்சி பெற்றவர்கள் தத்தம் ஊரில் எழுந்து கேள்வி கேட்டது எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. ஓர் ஊரில், வரத்துக் கால்வாயைத் தூர்வார வேண்டும் என்ற கோரிக்கை நம்மிடம் பயிற்சி பெற்ற பெண் எழுதித் தந்த வாசகத்திலேயே தீர்மானமாகப் பதிவானது.

குறைகளும் உண்டு. பணிபுரியும் இடத்தில் விடுப்பு மறுக்கப்பட்டதால் ஒருவர் நான்காம் நாளிலேயே திரும்ப நேர்ந்தது. முகாமுக்குப் பின் மாதம் ஒருமுறை கூடுவதாகச் செய்த முடிவு மழைக்காலத்தோடு நின்றுபோனது; அதைத் தொடர ஒருவரைப் பொறுப்பாக்காமல் விட்டது செயற்குழுவின் தவறு.

ஆகவே மாதக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பை முகாமில் பயின்றவர்களில் இருவரிடம் ஒப்படைக்கவும், அவர்களுடைய பேருந்துக் கட்டணத்தைச் சங்க நிதியிலிருந்து வழங்கவும், அடுத்த முகாமை வரும் மே மாதத்தில் நடத்தவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

தங்கள் பணிவுள்ள,
செயலாளர்