கடலில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டம் ஒவ்வொரு ஆண்டும் கலெக்டர் ஆபீசில் நடக்கிறது. மணல் மூட்டை இருக்கிறதா, முகாம் தயாரா, ஜெனரேட்டர் ஓடுகிறதா என்றெல்லாம் கேட்கிறார்கள், தேவையான கேள்விகள்தான். ஆனால் எங்கள் குமரி மாவட்டத்தில் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்றைக்கு ஆழ்கடலில் யார் யார் நிற்கிறார்கள், எப்போது கரை திரும்புவார்கள்?

2017 நவம்பர் 30-ஐ இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். ஓகி புயலுக்கு அப்புறம், எச்சரிக்கை எப்போது வந்தது, யார் யாருக்குச் சொன்னார்கள் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். சரி, இரண்டு நாள் முன்னாடியே வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் தங்குகடல் தொழிலுக்குப் போகிறவர்கள், வாரக்கணக்கில் கடலிலேயே இருப்பவர்கள். கரையிலிருந்து வயர்லெஸ் எட்டாத தூரத்தில், ஒரு வாரத்துக்கு முன்பே போய்விட்ட மனிதருக்கு "கடலுக்குப் போகாதீர்கள்" என்று அறிவிப்பதில் என்ன பயன்? அவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது ரகசியமே இல்லை. வீட்டிலிருந்த பெண்களுக்குத் தெரியும், டீசல் கொடுத்தவருக்கும் ஐஸ் ஏற்றியவருக்கும் தெரியும். காணாமல் போனவர்களின் பட்டியலை ஊர் ஊராக வீடு ஏறிக் கேட்டு எழுதியது பங்குத்தந்தையரும் ஊர்க்காரர்களும்தான், அந்த எண்ணிக்கையும் அரசு சொன்ன எண்ணிக்கையும் ஒத்துப்போகவே இல்லை.

2004 சுனாமி அன்று புதுச்சேரி நல்லவாட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டி.வி. செய்தி பார்த்துப் போன் பண்ணினார். அதை அலட்சியப்படுத்தாமல், ஊர் அறிவு மையத்து ஒலிபெருக்கியில் உடனே சொல்லி மக்களை வெளியேற்றினார்கள். ஊர் பிழைத்தது. ஒரே ஒரு போன் கால்தான், ஆனால் அதைக் காது கொடுத்துக் கேட்க ஆள் இருந்தது.

இப்போது படகுகளில் டிரான்ஸ்பாண்டர், அதாவது செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும் கருவி, பொருத்துகிறார்கள், கரைக்கும் படகுக்கும் இரண்டு பக்கமும் தகவல் போகும் என்கிறார்கள். மிக நல்லது, வரவேற்கிறேன். ஆனால் வருகிற தகவலைப் பார்த்து முடிவெடுக்கிற அதிகாரி, தன் மேஜைக்கு வராத தகவல் எங்கே நிற்கிறது, எந்தப் படகிலிருந்து சத்தமே இல்லை என்று தேட வேண்டும். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினால் அவருக்கு அங்கேயே சந்தேகம் வர வேண்டும்.

கலெக்டரிடம் நான் கேட்பது இதுதான். மாதாமாதம் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் மனு வாங்குவதற்கு முன், தங்குகடல் போய்த் திரும்பியவர்களை அரை மணி நேரம் பேசவிடுங்கள், அதிகாரிகள் குறித்துக்கொள்ளட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கடலில் இருக்கும் படகுகளின் பட்டியலை ஒவ்வொரு ஊரிலிருந்தும் தினமும் வாங்குங்கள். புயல் சின்னம் உருவானால் அந்தப் பட்டியல்தான் முதலில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கடற்கரை ஊர் வாசகர்,
கன்னியாகுமரி மாவட்டம்